நகல் லாஸ்கோவா, அசல் ரூஃபின்யாக்கா: வெசேர் பள்ளத்தாக்கில் எந்தக் குகைக்குப் போவது?

போன மாதம் கல்லூரி நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "ஜூலையில் பிரான்ஸ் வர்றோம். அம்மாவும் வர்றாங்க, பையனுக்கு எட்டு வயசு. லாஸ்கோ குகையைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு நாள் ஒதுக்கினா போதுமாடா?" பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் கசப்பான செய்தி. கற்கால மனிதர்கள் சுவரெங்கும் விலங்குகளை வரைந்துவைத்த லாஸ்கோவுக்குள் உங்களால் போக முடியாது. என்னாலும் முடியாது. 1940 செப்டம்பர் 12 அன்று, மோன்தின்யாக் ஊருக்கு மேலே உள்ள காட்டில், மர்செல் ரவிதா என்ற இளைஞனும் மூன்று பையன்களும் ஒரு பொந்துக்குள் இறங்கி இந்தக் குகையைக் கண்டுபிடித்தார்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1955 வாக்கில் நாளொன்றுக்கு 1,200 பேர் வரை வந்து போனார்கள். அத்தனை பேர் விட்ட மூச்சு, உடம்புச் சூடு, மின்விளக்கு எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டின. சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது, இன்னொரு பக்கம் வெள்ளையாகக் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிவு பூத்தது. சுமார் 17,000 ஆண்டுகள் தாங்கிய ஓவியம் 15 ஆண்டுகளில் தள்ளாடத் தொடங்கியது. 1963-இல் அப்போதைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடச் சொன்னார். மூடியது மூடியதுதான்.

ஆகவே இன்று யாராவது "லாஸ்கோ போய்ட்டு வந்தோம்" என்றால் நகலுக்குப் போய்விட்டு வந்தார்கள் என்று அர்த்தம். இது தெரிந்ததும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "அவ்வளவு தூரம் போய் டூப்ளிகேட்டையா பார்க்கிறது?" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். முதல் தடவை அந்தப் பக்கம் தனியாகப் போனபோது நகலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு அசல் குகைக்குத்தான் போவேன் என்று வீம்பு பிடித்தேன். அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

சரி, வாய்ப்புகள் என்னென்ன? தென்மேற்கு பிரான்ஸின் தொர்தோன் பகுதியில் வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே மோன்தின்யாக்கில் லாஸ்கோவின் நகல். அங்கிருந்து 25 கிலோமீட்டர் சுற்றில் லேஸ் எய்ஸி என்ற சிற்றூர், அதன் விளிம்பில் ஃபோன் தெ கோம் என்ற அசல் குகை. கொஞ்சம் வடக்கே தள்ளி ரூஃபின்யாக், அதுவும் அசல். இன்னும் தெற்கே, காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் பெஷ் மெர்ல், அதுவும் அசல்தான். இந்த நான்கில்தான் தேர்வு. எதற்குப் போனாலும் கார் இல்லாமல் அந்தப் பக்கம் சமாளிப்பது கஷ்டம், அதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகலில் இருந்தே தொடங்குகிறேன். 2016 டிசம்பரில் திறந்த இதற்கு நான்காம் லாஸ்கோ என்று பெயர். ஸ்னோஹெட்டா என்ற நார்வே கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. மலையடிவாரத்தைக் கத்தியால் கீறிவிட்ட மாதிரி நீளமாகக் கிடக்கிறது கான்கிரீட் கட்டடம். அசல் குகையின் சுவரை லேசரால் அளந்து, அதே மேடு பள்ளத்தோடு வார்த்து, அதன்மேல் ஓவியர்கள் கையால் தீட்டியிருக்கிறார்கள். உள்ளே குகைக்குள் இருக்கும் அதே 13 டிகிரிக் குளிர். அம்மாவோடு போயிருந்தபோது அவர் சுவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்து, "இது சிமெண்ட்டாடா?" என்றார். "சிமெண்ட் இல்லம்மா, பிசின் பூச்சு" என்றேன். "ம்" என்றார். அந்த "ம்"மில் எல்லாம் இருந்தது.

ஆனால் ஐந்து நிமிடம் கழித்து அதே அம்மாதான் காளைகள் கூடத்தில் வாயைப் பிளந்து நின்றார். ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான காளை ஒன்று தலைக்கு மேல் ஓடுகிறது. அதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் அளவு புரியாது. அதைவிட எனக்குப் பிடித்தது தலைகீழாக விழும் குதிரை. வரைந்தவர் அதைத் தட்டையான சுவரில் வரையவில்லை, பாறை முட்டு ஒன்றைச் சுற்றி வளைத்து வரைந்திருக்கிறார். எங்கே நின்றாலும் முழுக் குதிரை ஒரே பார்வையில் கிடைக்காது. தலையைப் பார்த்தால் பின்கால் மறையும், பின்காலைப் பார்க்க நகர்ந்தால் தலை போய்விடும். ஆனாலும் உடம்பின் அளவு பிசகவில்லை. இது புகைப்படத்தில் தெரியவே தெரியாது. நகலில் தெரிகிறது, ஏனென்றால் நகலிலும் அந்தப் பாறை முட்டு இருக்கிறது.

இன்னொன்று. லாஸ்கோவில் கிணறு மாதிரி ஒரு குழி உண்டு. அதன் அடியில்தான் பறவைத் தலையோடு ஒரு மனிதன், எதிரே குடல் சரிந்த பைசன் எருது, பக்கத்தில் கோலின் மேல் ஒரு பறவை. குகை திறந்திருந்த காலத்திலேயே அங்கே இறங்குவது பெரும்பாடு. நகலில் அந்தக் காட்சியைத் தனியாக எடுத்துக் கண்மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அசலில் எல்லோருக்கும் கிடைக்காத ஒன்று நகலில் எட்டு வயதுப் பையனுக்கும் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வழிகாட்டியோடு குழுவாகப் போய்க் குழுவாகத்தான் வர வேண்டும். ஒரே குதிரையின் முன்னால் பத்து நிமிடம் நிற்கிற ஆசாமிகளுக்கு அது ஒத்துவராது. அப்புறம், அங்கே எங்கேயும் இருட்டு பயமுறுத்தாது. படி, வழுக்கல், குனிவது எதுவும் இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் அது வரம்தான். குகைக்குள் இருக்கிறோம் என்ற அந்த அடிவயிற்றுக் கூச்சம் மட்டும் வராது.

மேலே காட்டில், அசலுக்கு 200 மீட்டர் தள்ளி, 1983-இல் திறந்த இரண்டாம் லாஸ்கோவும் இருக்கிறது. மொனிக் பெய்த்ரால் என்ற ஓவியர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தீட்டியது. குகையின் ஒரு பகுதி மட்டும்தான், ஆனால் சின்ன இடம், மண்ணுக்கடியில் இருப்பதால் கொஞ்சம் குகை வாடையும் உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள், அது எந்த மாதங்களில் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

இப்போது ஃபோன் தெ கோம். பல வண்ண ஓவியங்கள் கொண்ட அசல் குகைகளில் பிரான்ஸில் மக்கள் இன்னும் போக முடிவது இது ஒன்றுதான். 1901-இல் தெனி பெய்ரோனி என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் கண்டது. 200-க்கு மேற்பட்ட உருவங்கள், அவற்றில் 80 வாக்கில் பைசன்கள். லாஸ்கோவில் பட்டது போதும் என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்கும் குறைவாகத்தான், அதுவும் சின்னச் சின்னக் குழுவாக, உள்ளே விடுகிறார்கள். முன்பெல்லாம் விடியற்காலையிலேயே வந்து வாசல் பெஞ்சில் இடம்பிடித்தால்தான் டிக்கெட். நான் முதல் தடவை நிதானமாகக் காபி குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் போய் நின்றேன். அன்றைய டிக்கெட் எப்போதோ தீர்ந்திருந்தது. தப்பு என்னுடையதுதான். டிக்கெட் முறை அவ்வப்போது மாறும், ஆகவே விமான டிக்கெட் போடும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வாசலைத்தான் பார்க்க முடியும்.

இரண்டாம் தடவை மனைவியோடு போனேன். மலைச்சரிவில் மேலே ஏறிப் போக வேண்டும், வெயிலில் மூச்சு வாங்கும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். உள்ளே ரூபிகான் என்று செல்லப்பெயர் வைத்த ஓர் இடுக்கு இருக்கிறது, தோளைச் சற்றுத் திருப்பிக்கொண்டுதான் நுழைய முடியும். அடைபட்ட இடம் என்றால் படபடக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், நடுவில் "நான் திரும்பிப் போறேன்" என்பது நடக்காத காரியம்.

ஓவியங்கள் மங்கல். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போஸ்ட்கார்டு பிரகாசத்தோடு எதிர்பார்த்துப் போனால் முதல் ஐந்து நிமிடம் வெறும் அழுக்குச் சுவர்தான் தெரியும். போதாக்குறைக்கு, மதிப்பு தெரியாத காலத்தில் வந்தவர்கள் தங்கள் பெயரைச் சுவரில் கீறி வைத்திருக்கிறார்கள். மனைவி மெல்லக் கேட்டாள், "எங்க, எதைக் காட்டுறாங்க?" வழிகாட்டி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். பாறையின் புடைப்பு ஒரு பைசனின் திமிலாக எழுந்தது. விளக்கை நகர்த்தினார், வயிறு வந்தது. அப்புறம் இரண்டு ரெயின்டியர் மான்கள். ஆண் கறுப்பு, பெண் சிவப்பு. பெண் முன்காலை மடித்துத் தாழ்ந்திருக்கிறது, ஆண் குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது. நாக்கு மட்டும் வண்ணத்தில் இல்லை, கல்லில் மெல்லிய கீறல். விளக்கு நேராக இருந்தால் தெரியாது, சாய்த்தால் தெரியும். சாய்த்தார். மனைவி என் கையைப் பிடித்தாள். நாங்கள் யாரும் பேசவில்லை.

இன்னொரு இடத்தில் ஒரு குதிரை பாய்கிறது. அதன் பின்காலைச் சுண்ணாம்புக் கசிவே திரைபோல வடிந்து அமைத்துக் கொடுத்திருந்தது. வரைந்தவர் அதைப் பார்த்துவிட்டு மீதியை மட்டும் சேர்த்திருக்கிறார். பார்த்ததும் எனக்கு நகலில் பார்க்காமல் விட்ட அந்தத் தலைகீழ்க் குதிரை ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் அப்போது நான் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் இங்கே கண் இன்னும் சீக்கிரம் பழகியிருக்கும். பாறையை எப்படிப் படிப்பது என்று நல்ல வெளிச்சத்தில் நகல் சொல்லிக் கொடுத்துவிடும், அதன்பிறகு மங்கலான அசலில் பாதி வேலை மிச்சம். அதனால்தான் வீம்பு தப்பு என்கிறேன். நகலுக்கு முதலில் போங்கள், அசலுக்கு அடுத்த நாள்.

ரூஃபின்யாக் வேறு மாதிரி. இங்கே ரயிலில் போக வேண்டும். விளையாட்டில்லை, சின்ன மின்சார ரயில், 1959-இலிருந்து ஓடுகிறது. 8 கிலோமீட்டருக்கு மேல் நீளமான குகை, அதில் ரயில் இருட்டுக்குள் வெகுதூரம் உருண்டு போகிறது. நின்று நின்று போகும், அந்தந்த இடத்தில் மட்டும் விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அணைத்துவிடுவார்கள். வெளியே 35 டிகிரி வெயில், உள்ளே 13. மொத்தம் ஒரு மணி நேரம். பெரும்பாலும் பிரெஞ்சில்தான் பேசுவார்கள், ஆனால் பார்ப்பதற்கு மொழி அதிகம் வேண்டியதில்லை.

இதை மாமூத்களின், அதாவது அழிந்துபோன பனிக்காலத்து ரோம யானைகளின், குகை என்றே சொல்லலாம். சுமார் 250 உருவங்களில் 150-க்கு மேல் மாமூத். நிறம் கிடையாது, கறுப்பு மாங்கனீஸ் கோடு, இல்லாவிட்டால் கீறல். கோடு மட்டும்தான் என்று நினைத்து நானும் கொஞ்சம் அலட்சியமாகவே போனேன். ஒரு மாமூத்தைக் காட்டி வழிகாட்டி வாலுக்குக் கீழே விரலை நீட்டினார். அங்கே சின்ன மடிப்பு ஒன்று. ஆசனவாயைக் குளிரில் இருந்து மூடும் தோல் மடிப்பாம். சைபீரியப் பனியில் உறைந்த மாமூத் உடல் கிடைத்த பிறகுதான் அறிவியல் உலகத்துக்கு இப்படி ஓர் உறுப்பு இருப்பதே தெரியும். வரைந்தவருக்கு அது தினசரி பார்த்த விஷயம். என் மகள் இதைக் கேட்டதும் சிரிக்கத் தொடங்கியவள், ரயில் வெளியே வரும்வரை நிறுத்தவில்லை. இன்றைக்கும் அவளுக்குப் பிரான்ஸ் என்றால் அதுதான்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தக் குகையின் ஓவியங்கள் 1956-இல் அறிவிக்கப்பட்டபோது போலி என்று பெரிய சண்டை நடந்தது. காரணம், குகை யாருக்கும் புதிதில்லை. 1575-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் மெழுகுவத்திப் புகையால் கூரையில் பெயர் எழுதியிருக்கிறார்கள். சில பெயர்கள் மாமூத்தின் முதுகின் மேலேயே இருக்கின்றன. நம்மூர்க் கோயில் மண்டபத் தூணில் பெயர் எழுதுகிறவனைத் திட்டுகிற எனக்கு, இந்த வியாதி பழசு என்று அங்கேதான் தெரிந்தது.

ஓவியம் வருவதற்கு முன்பே கரடி வந்துவிடுகிறது. சுவரில் வரிவரியாகக் குகைக்கரடியின் நகக் கீறல், தரையில் அது குளிர்காலத்தில் சுருண்டு படுத்த வட்டப் பள்ளங்கள். பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. அம்மா ரயில் பெட்டியில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கீறல்களைப் பார்த்தார். "போன வாரம் கீறின மாதிரி இருக்கு" என்றார். நகலில் "சிமெண்ட்டா" என்று கேட்டவர் இங்கே அப்படி எதுவும் கேட்கவில்லை. இடையில் ஓரிடத்தில் ஈரக் களிமண்ணில் விரலால் இழுத்த கோடுகளைக் காட்டுவார்கள். இந்தக் குகையின் இப்படிப்பட்ட விரல்கோடுகளில் சில குழந்தைகளுடையவை என்று விரல் அகலத்தை அளந்து சொல்கிறார்கள். கூரை மட்டத்தில் குழந்தைக் கை என்றால், யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

கடைசி நிறுத்தம் பெருங்கூரை. இங்கே மட்டும் இறங்க விடுவார்கள். மாமூத், பைசன், குதிரை, மலையாடு, காண்டாமிருகம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக, அறுபதுக்கும் மேல். இன்று நின்று அண்ணாந்து பார்க்கிறோம், ஏனென்றால் பார்வையாளர்களுக்காகத் தரையைத் தோண்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். அன்று கூரைக்கும் தரைக்கும் இடையே ஒரு மீட்டர் அளவுதான். வரைந்தவர் மல்லாந்து படுத்துத்தான் வரைந்திருக்க முடியும், தான் வரைவதை முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்திருக்க முடியாது. அங்கே என் கழுத்து வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றேன்.

நடக்க முடியாதவர், குழந்தை, இருட்டு வேண்டும் என்கிறவர் எல்லாருக்கும் ஒரே இடத்தில் சோறு போடுகிற குகை இதுதான். ஒரே குறை, நிறம் இல்லை. குளிர்காலத்தில் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெஷ் மெர்ல் தூரம். ஆனால் அந்த இரண்டு புள்ளிக் குதிரைகளுக்காகத் தூரத்தை மன்னிக்கலாம். 1922-இல் பதின்வயதுப் பையன்கள் கண்டுபிடித்தார்கள், 1926 முதல் திறந்திருக்கிறது, நாளுக்கு 700 பேர் வரம்பு. சுமார் 29,000 ஆண்டுப் பழமை, அதாவது லாஸ்கோவை வரைந்தவர்களுக்கே இவர்கள் பண்டைக்காலத்து ஆட்கள். வலப்பக்கக் குதிரையின் தலைக்குப் பாறையே தலை வடிவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், சுற்றிலும் வண்ணம் ஊதிப் பதித்த கைத் தடங்கள். மிஷெல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் வண்ணத்தை வாயில் வைத்துத் துப்பித் துப்பி இதேபோல ஒன்றை வரைந்து பார்த்தார், 32 மணி நேரம் ஆனதாம். புள்ளிக் குதிரை கற்பனை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2011-இல் பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவைச் சோதித்தபோது புள்ளியுள்ள குதிரைகள் நிஜமாகவே மேய்ந்தன என்று தெரிந்தது. குகை விசாலமாக இருக்கும், மூச்சு முட்டாது, ஆனால் படிகள் உண்டு. களிமண்ணில் பதிந்து கெட்டித்துப்போன ஒரு சிறுவயதுக்காரரின் பாதத் தடங்களும் அங்கே உண்டு. எனக்கு ஓவியத்தைவிட அந்தக் கால்விரல்கள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

வேறு பெயர்களும் காதில் விழும். ஷோவே குகை 1994-இல் கண்டது, ஒருநாளும் திறக்கவில்லை, 2015 முதல் நகல்தான், அதுவும் ஆர்தேஷில், இங்கிருந்து வெகுதூரம். பிரனீஸ் மலையடிவாரத்து நியோ குகையில் கையில் டார்ச்சோடு பல நூறு மீட்டர் நடக்க வேண்டும், கால் திடமாக இருந்தால் அருமை. ஸ்பெயினின் அல்தமிரா குகையிலும் அநேகமாக எல்லாருக்கும் நகல்தான். இவற்றை எல்லாம் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள். இரண்டு குகைக்கு மேல் பார்த்தால் மூன்றாவது பைசனும் முதல் பைசனும் ஒன்றாகிவிடும்.

ஆக, தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறீர்கள், நடக்கத் தயங்கவில்லை என்றால் முதல் நாள் லாஸ்கோ நகல், மறுநாள் ஃபோன் தெ கோம். டிக்கெட் கிடைக்காவிட்டால் மனம் தளராமல் பெஷ் மெர்லுக்கு வண்டியைத் திருப்புங்கள். ஒரே ஒரு நாள்தான் என்றால், அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், பேசாமல் ரூஃபின்யாக்.

நண்பனுக்கு இப்படி எழுதினேன்: "ஒரு நாள் போதாதுடா, ரெண்டு நாள் வை. முதல் நாள் மதியம் லாஸ்கோ, ராத்திரி மோன்தின்யாக்கிலேயே தங்கு. மறுநாள் காலையில் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி ரூஃபின்யாக். ஃபோன் தெ கோம் அம்மாவுக்கு வேண்டாம், ஏற்றமும் அந்த இடுக்கும் சரிப்படாது. எல்லாருக்கும் ஸ்வெட்டர், அம்மாவுக்குக் கூடுதலா ஒரு சால்வை. கேமராவை மறந்துடு, அசல் குகைக்குள்ள படம் எடுக்க விடமாட்டாங்க."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "எல்லாம் ஓகே. அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்கச் சொன்னாங்க. ரயில்ல போற குகைக்குள்ள பாத்ரூம் இருக்கா?"

உள்ளே இல்லை. வாசலிலேயே முடித்துக்கொண்டு ஏறச் சொன்னேன்.